அயல்நாட்டில் மேலுக்குச் சுகமில்லாமல் போனால்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர் விமானம் ஏறும் முன்போ, இறங்கிய சில வாரங்களிலோ மருத்துவத்துக்கான பணத்தைக் கட்டிவிடுகிறார். பிரிட்டன் அதை விசா விண்ணப்பத்தோடு வாங்கிக்கொள்கிறது. காப்பீடு எடுத்ததற்கான சான்று இல்லாமல் ஆஸ்திரேலியா விசா தருவதில்லை. ஜெர்மனியில் காப்பீட்டு நிறுவனம் தகவல் அனுப்பாமல் பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர் ஏறாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் கல்விக் கட்டணத்தோடு காப்பீட்டுத் தொகையையும் சேர்த்தே பில் போடுகின்றன. இப்படிக் கட்டிய பணம் சிகிச்சையாக மாற வேண்டுமானால், மாணவரே முன்வந்து செய்ய வேண்டிய ஒரு வேலை எல்லா நாட்டிலும் பாக்கி இருக்கிறது. ஓரிடத்தில் அது மருத்துவரிடம் பெயர் பதிவது. வேறோரிடத்தில் அட்டை வாங்குவது, படிவம் நிரப்புவது. காய்ச்சல் அடிக்கும் இரவில் அதைத் தேடுபவர்கள்தான் திண்டாடுகிறார்கள்.

இந்திய வெளியுறவு அமைச்சகக் கணக்கின்படி 2024இல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இவர்களில் விருதுநகர் மாவட்டத்தவரும் உண்டு. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் போன்ற ஊர்களில் பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம் என்று வேலைக்குப் போகும் பெற்றோர் கல்விக்கடன் வாங்கிப் பிள்ளைகளை அனுப்பும் காலம் இது. அந்தப் பிள்ளைகள் எந்த மருத்துவ முறையில் வளர்ந்தவர்கள் என்பதைப் பார்த்தால்தான், வெளிநாட்டில் அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது விளங்கும்.

ஆலையில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும் குடும்பத்துக்குச் சிவகாசியிலேயே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளியிடம் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் வாங்கி நடக்கும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் அது. வருமானம் குறைந்த குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கைகொடுக்கும். பெரிய வியாதிக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மதுரைப் பெரியாஸ்பத்திரியோ உண்டு. இவை எல்லாவற்றையும் விட அன்றாட வழக்கம் முக்கியம். காலையில் காய்ச்சல் என்றால் சாயங்காலம் டோக்கன் போட்டு டாக்டரைப் பார்த்துவிடலாம். பல்லுக்கு, தோலுக்கு, வயிற்றுக்கு என்று எந்த ஸ்பெஷலிஸ்ட்டையும் நேராகப் போய்ப் பார்க்கலாம். ஊசி போடாத டாக்டரைச் சிலர் டாக்டராகவே மதிப்பதில்லை. மெடிக்கலில் வியாதியைச் சொன்னாலே மாத்திரை கிடைக்கும், ஆன்டிபயாடிக் உட்பட. சட்டப்படி அதற்குச் சீட்டு வேண்டும் என்பது வேறு கதை.

ஈ.எஸ்.ஐ.யும் முதல்வர் காப்பீடும் இந்திய எல்லையைத் தாண்டிச் செல்லா. டோக்கன் வழக்கமும் செல்லாது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் பொது மருத்துவர்தான் வாசல். அவர் கடிதம் இல்லாமல் பொதுவாகச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வழியில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கு அவரும் ஓய்வு எடுக்கச் சொல்லி, பாரசிட்டமால் போடச் சொல்லி அனுப்பிவிடுவார். காசு கொடுத்தும் மருந்து தரவில்லையே என்று ஊருக்கு போன் செய்து புலம்பும் மாணவர்கள் உண்டு. புலம்பலில் நியாயம் குறைவு. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பது சிவகாசியிலும் லண்டனிலும் ஒன்றுதான். அதன்படி நடப்பதில்தான் வித்தியாசம்.

பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய மருத்துவ சேவை வரிப்பணத்தில் நடக்கிறது. வெளிநாட்டு மாணவர் அதற்குத் தம் பங்கைக் குடியேற்ற மருத்துவக் கூடுதல் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்ற விதி 2015 ஏப்ரலில் வந்தது. அப்போது மாணவருக்கு ஆண்டுக்கு 150 பவுண்டு. பிறகு 300, 470 என்று ஏறி 2024 பிப்ரவரியில் 776 ஆயிற்று. ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு விசா ஓராண்டோடு நிற்பதில்லை. படிப்புக்கு முன்னும் பின்னும் சில மாதங்கள் சேர்த்துக் கொடுப்பதால் ஒன்றரை ஆண்டுக் கணக்கில் 1,164 பவுண்டு கட்ட நேரும். நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்குக் குறையாது. ஏஜென்ட் காட்டும் செலவுப் பட்டியலில் இந்தத் தொகை சில சமயம் கடைசி வரியில் ஒளிந்திருக்கும்.

இதைக் கட்டியவர் விசா தொடங்கும் நாளிலிருந்து பிரிட்டிஷ்காரர் போலவே மருத்துவம் பெறலாம். ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அறுவை சிகிச்சை செய்தாலும் தனி பில் வராது. ஆனால் பல்கலைக்கழகம் இதைத் தானாகச் செய்து தராது. தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜி.பி. எனப்படும் பொது மருத்துவர் நிலையத்தில் மாணவரே பெயர் பதிய வேண்டும். பதிவதற்கு முகவரிச் சான்றோ விசாவோ கட்டாயமில்லை என்பது இங்கிலாந்தின் விதி. வரவேற்பில் இருப்பவர் கேட்டால் காட்டலாம். இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் வியாதியைச் சொல்லத் தயங்குபவர் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். இலங்கைத் தமிழர் பெருமளவில் வாழும் நாடு என்பதால் தமிழுக்கு அங்கே ஆள் கிடைப்பது அரிதல்ல.

இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு கட்ட வேண்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அதுவும் இல்லை. கிளாஸ்கோவில் படிப்பவருக்கும் மான்செஸ்டரில் படிப்பவருக்கும் இந்த வித்தியாசம் உண்டு. கையில் பணம் குறைவான மாணவர் குறைந்த வருமானத்தோருக்கான சலுகைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். மருந்து, பல், கண்ணாடிச் செலவு அதனால் குறையும். 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தின் மருந்துக்கடைகளில் தொண்டைப் புண், காதுவலி, சைனஸ், பூச்சிக்கடிப் புண், பெண்களுக்கான சிறுநீர்த் தொற்று உள்ளிட்ட ஏழு தொல்லைகளுக்கு மருந்தாளுநரே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் தருகிறார். நம்மூர் மெடிக்கல் பழக்கத்துக்கு மிக நெருங்கி வருவது இதுதான்; ஆனால் எந்த வயதுக்கு, எந்த அறிகுறிக்கு என்ற வரையறையோடு.

இரவில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 111 என்ற எண்ணில் கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. அவசரப் பிரிவுக்கு நேராகப் போகத் தடையில்லை. அங்கே வரிசை வந்த நேரப்படி ஓடாது, ஆபத்தின் அளவுப்படி ஓடும். நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்ற இலக்கைச் சேவை பல ஆண்டுகளாக எட்டவில்லை. கணுக்கால் சுளுக்கோடு போனவர் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கக்கூடும். ஸ்பெஷலிஸ்ட்டுக்கான காத்திருப்பு மாதக்கணக்கில் போவதும் உண்டு. ஓராண்டுப் படிப்புக்கு வந்தவருக்கு அந்தத் தேதி, படிப்பு முடிந்து விமானம் ஏறிய பிறகுகூட விழலாம். இலவசம் என்ற சொல்லை நம்பி எல்லா வியாதியையும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது சரியான கணக்கல்ல.

ஜெர்மனியின் முறை வேறு. பிஸ்மார்க் காலத்தில் 1883இல் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய நோய்க் காப்பீடு, அடிப்படையில் நம் ஈ.எஸ்.ஐ.க்குத் தாத்தா. சம்பளத்தில் தொழிலாளியும் முதலாளியும் பங்கு போட்டுக் கட்டும் அதே ஏற்பாடு. முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர் இந்தச் சட்டபூர்வக் காப்பீட்டில் சலுகைக் கட்டணத்தில் சேரலாம். மாதம் ஏறக்குறைய 140 யூரோ. டெக்னிகர், ஏ.ஓ.கே., பார்மர் என்று நிறுவனங்கள் பல இருந்தாலும் கிடைக்கும் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றே. பொதுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் தமிழ்நாட்டுப் பொறியியல் பட்டதாரிகள் ஜெர்மனியை நாடுகிறார்கள். விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் போடும் 11,904 யூரோவிலிருந்து மாதாமாதம் விடுவிக்கப்படும் 992 யூரோவில்தான் இந்தக் காப்பீட்டுக்கும் வழி பார்க்க வேண்டும்.

இங்கே மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. செமஸ்டர் பெரும்பாலும் அக்டோபரிலோ ஏப்ரலிலோ தொடங்கும். சலுகைக் காப்பீடும் அப்போதுதான் தொடங்கும். செப்டம்பரில் போய் இறங்குபவர் இடைப்பட்ட வாரங்களுக்குப் பயணக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அடுத்தது, மலிவாகத் தெரிகிறதே என்று தனியார் காப்பீட்டுக்குப் போவது. பொதுக் காப்பீட்டிலிருந்து ஒருமுறை விலக்கு வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும் வரை திரும்பி வர முடியாது. மலிவுத் திட்டங்கள் பலவும் பழைய நோய்களை ஒதுக்கிவிடும் என்பதைப் படுக்கையில் விழுந்த பிறகே பலர் படிக்கிறார்கள். மூன்றாவது வயது. நான்கைந்து வருடம் ஆலையிலோ ஐ.டி.யிலோ வேலை பார்த்துவிட்டு இருபத்தொன்பதில் முதுகலைக்குப் போகிறவருக்குச் சலுகை நடுவிலேயே நின்றுபோகும். பிறகு கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும்.

சேர்ந்துவிட்டால் நிம்மதியான முறை இது. அட்டையை நீட்டினால் போதும், டாக்டர் கையில் பணம் கொடுப்பதில்லை. மருந்துக்கு விலையில் பத்து சதவீதம், குறைந்தது 5, அதிகபட்சம் 10 யூரோ. ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ. அடிப்படைப் பல் சிகிச்சையும் இதில் அடங்கும். மற்ற நாடுகளில் படிப்பவர்கள் பொறாமைப்படும் விஷயம். பாரசிட்டமால்கூட மருந்துக்கடையைத் தவிர வேறெங்கும் விற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. முறைவைத்துத் திறந்திருக்கும் கடை எது என்று தேடிப் போக வேண்டும். ஆஸ்பத்திரி அவசரம் இல்லாத, ஆனால் காத்திருக்க முடியாத தொல்லைக்கு 116117; உயிராபத்துக்கு 112. தேர்வு நாளில் படுத்துவிட்டால் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி உரிய நாளுக்குள் கொடுக்க வேண்டும். நம் கல்லூரிகளில் நடப்பதுபோல் அப்பா வந்து பேசிச் சரிக்கட்ட இயலாது.

அமெரிக்கா தனி உலகம். அங்கே எல்லோருக்குமான அரசுக் காப்பீடு என்று ஒன்று கிடையாது. எஃப்-1 விசாவில் போகும் மாணவர் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்று மத்திய அரசுச் சட்டம் சொல்வதில்லை, பல்கலைக்கழகம் சொல்கிறது. பரிமாற்றத் திட்டங்களின் ஜே-1 விசாவுக்குச் சட்டமே உண்டு: ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் குறைந்தது ஒரு லட்சம் டாலர் காப்பு, உடலைத் தாயகம் அனுப்ப 25,000, நோயாளியைக் கொண்டுசெல்ல 50,000. பல்கலைக்கழகக் காப்பீட்டுக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். அதற்குப் பதிலாக இந்தியாவில் சில பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மாணவர் பயணக் காப்பீட்டைக் காட்டி விலக்குக் கேட்கலாமா என்பதுதான் ஒவ்வொரு ஆகஸ்டிலும் எழும் கேள்வி. சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், பல ஏற்காது. ஏற்றாலும் அந்த பாலிசி பழைய வியாதிக்குப் பொருந்துமா, மனநலச் சிகிச்சைக்குப் பொருந்துமா, ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுமா, நம்மைக் கட்டச் சொல்லிப் பிறகு திருப்பித் தருமா என்ற நான்கையும் பார்க்காமல் மாறுவது ஆபத்து.

காப்பீடு இருந்தால் எல்லாம் இலவசம் என்ற எண்ணம் அங்கே முதல் பில்லிலேயே உடையும். ஒரு உதாரணக் கணக்கு: குடல்வாலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்கு 10,000 டாலர் பில் என்று வைத்துக்கொள்வோம். பாலிசியில் முதல் 500 டாலர் நோயாளி பொறுப்பு, அதற்கு மேல் 20 சதவீதம் நோயாளி பங்கு என்று இருந்தால், 500ம் மீதி 9,500இல் 1,900ம் சேர்ந்து 2,400 டாலர் மாணவர் தலையில் விழும். காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத டாக்டரிடமோ ஆஸ்பத்திரியிலோ போய்விட்டால் பங்கு இன்னும் கூடும். ஆண்டுக்கு இதற்கு மேல் நோயாளி கட்ட வேண்டாம் என்ற உச்சவரம்பு எவ்வளவு என்பதே பாலிசியில் முதலில் தேட வேண்டிய எண். பிரீமியம் எவ்வளவு என்பது அதற்கு அடுத்தபடிதான்.

எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்தும் செலவு ஏறி இறங்கும். வளாகத்துக்குள் இருக்கும் மாணவர் மருத்துவ நிலையமே முதல் இடம். பெரும்பாலும் குறைந்த கட்டணம் அல்லது கட்டணமே இல்லை. அது மூடியிருந்தால் அர்ஜென்ட் கேர் எனப்படும் சிறு மருத்துவ நிலையங்கள். அவசரப் பிரிவு கடைசி. 911 அழைத்தால் வரும் ஆம்புலன்ஸுக்கும் தனி பில் உண்டு. தமிழ்நாட்டில் 2008 முதல் 108ஐ இலவசமாகக் கூப்பிட்டுப் பழகியவருக்கு இது நம்ப முடியாத விஷயம். அதற்காக நெஞ்சுவலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் செலவுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரப் பிரிவுகள், பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து உயிராபத்தை நீக்கியாக வேண்டும். பில் பிறகு வரும். வந்த பில்லை அப்படியே கட்டிவிடவும் தேவையில்லை. விவரமான கணக்கைக் கேட்கலாம், தவணை கேட்கலாம். லாப நோக்கற்ற ஆஸ்பத்திரிகள் வருமானம் குறைந்தோருக்கான உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மாணவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். பேரம் பேசத் தயங்காத வியாபார ஊர்ப் பிள்ளைகள் ஆஸ்பத்திரி பில்லில் மட்டும் கூச்சப்படுவது வேடிக்கை.

ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர் மருத்துவக் காப்பீடு என்று அதற்கென்றே ஒரு வகை உண்டு; ஓ.எஸ்.எச்.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே வாங்க வேண்டும், இடையில் விடுபட்டால் விசா நிபந்தனை மீறல். பொது மருத்துவருக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் முழுவதையும், வெளிநோயாளியாகச் சிறப்பு மருத்துவரைப் பார்த்தால் அதில் 85 சதவீதத்தையும் தரும். டாக்டர் அதற்கு மேல் வாங்கினால் மீதி நம் கையிலிருந்துதான். காப்பீட்டு நிறுவனத்துக்கே நேராக பில் அனுப்பும் டாக்டரைத் தேடிப் போவதுதான் கெட்டிக்காரத்தனம். முன்பே இருந்த நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு உண்டு. பல்லும் கண்ணாடியும் அடிப்படைத் திட்டத்தில் இல்லை.

கனடாவில் எந்த மாகாணம் என்பதே விடை. ஆல்பர்ட்டாவில் ஓராண்டுக்கு மேல் படிப்பு அனுமதி உள்ளவருக்கு மாகாணக் காப்பீடே கிடைக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாதம் 75 கனடிய டாலர் கட்ட வேண்டும். வந்த மாதத்தின் மீதி நாட்களும் அடுத்த இரண்டு மாதங்களும் கழிந்த பிறகே அது தொடங்கும். ஒன்டாரியோ 1994இல் வெளிநாட்டு மாணவர்களை மாகாணத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் காப்பீடு அந்த இடத்தை நிரப்புகிறது, கல்லூரிகள் தத்தம் ஏற்பாட்டைச் செய்துகொள்கின்றன. பிரான்ஸில் மாணவர் அரசு நோய்க் காப்பீட்டில் பதிவு செய்துகொண்டால் டாக்டர் கட்டணத்தின் பெரும்பகுதி கணக்குக்குத் திரும்பும், ஆனால் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டும். அயர்லாந்துக்குத் தனியார் காப்பீடு அவசியம்.

எந்த நாடானாலும் பாதி வேலை ஊரிலேயே முடிய வேண்டியது. ஆறு மாதத்துக்கு மேல் பிரிட்டனில் தங்கப் போகிறவர், அந்த அரசு அங்கீகரித்த மையத்தில் மார்பு எக்ஸ்ரே எடுத்துக் காசநோய் இல்லை என்ற சான்று பெற வேண்டும். சிவகாசியில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தடுப்பூசிச் சான்று கேட்கும்போது நம் பிள்ளைகளுக்கு ஒரு விசேஷச் சிக்கல் வருகிறது. இன்று இருபதுகளில் இருப்பவர்கள் பிறந்தபோது அரசு அட்டவணையில் இருந்த தட்டம்மை ஊசி அந்த ஒரு நோய்க்கு மட்டுமானது. ருபெல்லாவையும் சேர்த்த ஊசி தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் பெரிய முகாமாகத்தான் வந்தது. பொன்னுக்கு வீங்கி எனப்படும் மம்ப்ஸ் அந்த ஊசியிலும் இல்லை. அமெரிக்கா கேட்பதோ மூன்றுக்கும் சேர்த்து இரண்டு தவணை, நான்கு வார இடைவெளியில். கிளம்புவதற்கு முந்தைய வாரம் தடுப்பூசி அட்டையைத் தேடுபவருக்கு இது நடக்காது. குழந்தையில் போட்ட பி.சி.ஜி. ஊசியால் கையில் குத்திப் பார்க்கும் காசநோய்ச் சோதனை தவறாக ‘உண்டு’ என்று காட்டக்கூடும் என்பதால், ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது.

பல்லும் கண்ணும் அடுத்தது. ஜெர்மனியைத் தவிர மேலே சொன்ன நாடுகள் பெரும்பாலானவற்றில் மாணவர் காப்பீட்டுக்குள் பல் வராது, அல்லது அரைகுறையாக வரும். சொத்தைப் பல்லை அடைக்க வேண்டியதை, ரூட் கெனால் செய்ய வேண்டியதை இங்கேயே முடிப்பது ஆயிரக்கணக்கில் மிச்சம். கண்ணாடி போடுபவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடத்தில் பார்த்து இரண்டு கண்ணாடியாக வாங்கிக்கொள்ளலாம். காப்பீட்டு பிரீமியத்தையும் செலவுக் கணக்கில் காட்டலாம் என்று வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் சொல்கிறது. கடன் விண்ணப்பத்தில் இதை எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு நகையை அடகு வைக்கும் குடும்பங்களும் உண்டு.

மருந்துப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆஸ்துமா இன்ஹேலர், தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை என்று தொடர்ந்து எடுப்பவர் இரண்டு மூன்று மாதத்துக்கான மருந்தை அசல் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் கொண்டுபோக வேண்டும். சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் வெளிநாட்டு டாக்டருக்குப் புரியாது. மருந்தின் வேதிப் பெயரும் அளவும் இருக்க வேண்டும். நம் மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைப்பது எல்லாம் எல்லா நாட்டிலும் சாதாரணமல்ல. காய்ச்சலுக்கும் வலிக்கும் இங்கே விற்கும் நிமசுலைடு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனைக்கே வந்ததில்லை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், தூக்க மாத்திரை போன்றவற்றை முன் அனுமதியில்லாமல் அமீரகத்துக்கோ வேறு சில நாடுகளுக்கோ கொண்டுபோனால் வழக்கே வரலாம். ஊரிலிருந்து மாத்திரையைப் பார்சலில் அனுப்பச் சொல்வது மாணவர்களிடம் பரவலான பழக்கம். பல நாடுகளில் சுங்கத்தில் நின்றுபோகும், சீட்டு தேவைப்படும் மருந்து என்றால் அழித்தும் விடுவார்கள். நம் டாக்டர் வீடியோ அழைப்பில் எழுதித் தரும் சீட்டுக்கு பிரிட்டன், அமெரிக்க மருந்துக்கடைகள் மருந்து தரா. ஆலோசனை கேட்க அது உதவும், மருந்து வாங்க உதவாது.

வெயில் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு வடக்கு நாடுகளின் குளிர்காலம் உடம்பிலும் மனதிலும் கைவைக்கிறது. மாநிறமும் கறுப்புமான தோல் குறைந்த வெயிலில் போதிய வைட்டமின் டி தயாரிக்காது என்பதால், அப்படிப்பட்டவர்கள் ஆண்டு முழுக்க நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கலாம் என்று பிரிட்டனின் சுகாதாரத் துறை சொல்கிறது. மனச்சோர்வு அதைவிடக் கனமான விஷயம். நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊர், பகுதிநேர வேலை, ஊரில் ஏறும் வட்டி, தேர்ச்சி பெறாத பாடம் என்று எல்லாம் சேர்ந்து அழுத்தும்போது, அதை வியாதியாகவே எண்ணாமல் மறைப்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆலோசகர் உண்டு, கட்டணம் இல்லை, விசா அலுவலகத்துக்கோ பெற்றோருக்கோ சொல்ல மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்று கருதினால் மட்டும் விதிவிலக்கு. அமெரிக்காவில் 2022 முதல் 988 என்ற எண் இரவு பகல் திறந்திருக்கிறது. சிகிச்சை எடுத்தால் விசா போய்விடும் என்ற பேச்சு மாணவர் அறைகளில் சுற்றி வருகிறது. ஆலோசகரைப் பார்த்ததற்காக விசா போவதில்லை. சொல்லாமல் வகுப்புக்கு வராமல் இருந்தால்தான் போகும். உடல்நிலை காரணமாகப் பாடச்சுமையைக் குறைக்க, படிப்பை நிறுத்திவைக்க முறையான வழி உண்டு. அதற்கு மருத்துவச் சான்றும், முன்கூட்டியே சர்வதேச மாணவர் அலுவலகத்தின் ஒப்புதலும் வேண்டும்.

2024 ஜூலையில் மக்களவையில் மத்திய அரசு அளித்த பதிலின்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் வெளிநாடுகளில் இறந்த இந்திய மாணவர்கள் 633 பேர். விபத்து, நோய் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. கனடாவில் மட்டும் 172. இப்படி ஒரு செய்தி வரும் வீட்டுக்கு யாரைக் கேட்பது என்பதே முதல் தவிப்பு. தூதரகங்கள் கையில் இந்தியச் சமூக நல நிதி என்று 2009இல் தொடங்கிய ஒன்று இருக்கிறது. வசதியற்றோரின் அவசர மருத்துவத்துக்கும் உடலைக் கொண்டுவருவதற்கும் குடும்ப நிலையைப் பார்த்து உதவுவார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் குறையைப் பதியலாம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துக்கென அரசு ஆணையரகம் இருக்கிறது. காப்பீட்டில் உடலைத் தாயகம் அனுப்பும் செலவு அடங்கியிருந்தால் பாதிச் சுமை குறையும். பிரிட்டனின் கூடுதல் கட்டணத்தில் அது அடங்காது. பாலிசி எண், காப்பீட்டு நிறுவன போன் எண், பல்கலைக்கழக அவசர எண் மூன்றையும் நாரணாபுரத்தில் இருக்கும் வீட்டிலும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டியது இப்படிப்பட்ட வேளைக்காகத்தான்.

படிப்பு முடியும் நாளோடு மாணவர் காப்பீடும் முடிகிறது என்பதைப் பலர் மறக்கிறார்கள். அமெரிக்காவில் பயிற்சி வேலைக் காலத்தில் பல்கலைக்கழகக் காப்பீடு தானாகத் தொடராது. வேலை தரும் நிறுவனத்தின் காப்பீடு வரும் வரை சொந்தமாக ஒன்று எடுக்க வேண்டும். பிரிட்டனில் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவுக்கு மாணவர் சலுகை கிடையாது, ஆண்டுக்கு 1,035 பவுண்டு. திரும்பி வருபவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆஸ்திரேலியக் காப்பீட்டில் பயன்படுத்தாத மாதங்களுக்கான பணத்தைக் கேட்டால் திருப்பித் தருவார்கள். பிரிட்டன் தராது. ஜெர்மனியில் பல்கலைக்கழகத்திலிருந்து பெயர் நீக்கிய கடிதத்தையும் நகராட்சியில் ஊரைவிட்டுப் போவதாகப் பதிந்த சான்றையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி உறுப்பினர் கணக்கை முடிக்க வேண்டும். முடிக்காமல் வந்தால் மாதக் கட்டணம் பாக்கியாக ஏறிக்கொண்டே போகும்.